அப்பா செய்த கீரைப் பச்சடி

ஜனவரி 12

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அவ்வளவு உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து பழகுகிறாய். காதுக்குள் காற்றுப் போகாமல் துணி கட்டிக்கொள்.

விஷயம் இதுதான். உங்கம்மா செய்வாளே கீரைத் தயிர்ப் பச்சடி, அதன் பக்குவத்தை எனக்கு எழுது. சிரிக்காதே. லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டியிலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தியைப் பத்திரமாக இறக்கியிருக்கிறேன். ஒரு கட்டுக் கீரை என்னை என்ன செய்துவிடும்?

அம்மாவிடமே கேட்டால் ஆகாதா என்பாய். அவளுக்குத் தெரியாமல் செய்து, திடீரென்று முன்னால் கொண்டுபோய் வைக்க ஆசை. அதனால் அவளுக்குத் தனியாக எழுதிப் போட்டு உடைத்துவிடாதே.

உங்கம்மாவின் தையல் கடையில் இப்போது வேலை குறைவு. உங்கம்மா ஓய்வாக இருக்கிறாள். உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னாள். சீக்கிரம் பதில் போடு.

அடுப்படிக்குள் புதிதாக நுழைந்திருக்கும்
உன் அப்பா


ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? உங்க முட்டி வலி தேவலையா?

கடிதத்தை விடுதியில சத்தமாப் படிச்சேன். கூட இருக்கிற பொண்ணு கட்டில்ல உருண்டு சிரிச்சா. வெந்நீர் வெச்சாலே அடி பிடிக்க வைக்கிற எங்கப்பா பச்சடி செய்யப் போறாரா!

கேட்டுக்கோங்க. கீரையை மண் போக அலசணும். பொடியா நறுக்கி, துளி எண்ணெய்ல வதக்கணும். தயிரைக் கடைஞ்சு அதுல கீரையைப் போட்டு உப்புப் போடணும். கடுகு, மிளகாய் தாளிச்சுக் கொட்டணும். அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யும்.

இங்க பயிற்சி உயிரை எடுக்குது. சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு நாங்க வெச்ச பேரு கழுத்து. துறைமுகத்துல கீழ நின்னுக்கிட்டு நாள் பூரா எங்களை அண்ணாந்தே பார்ப்பாரு. கண்டெய்னரை லாரி மேல இறக்குறப்ப விரல்கடை தள்ளிப் போனாலும், "மறுபடி தூக்கு"ன்னு ஒரு கத்து. மே மாசம் லைசென்ஸ் பரீட்சை. நடுவுல லீவு போட்டா நம்ம இடம் வரிசையில நிக்கிற அடுத்த ஆளுக்கு. போன வாரம் ஒருத்தன் அக்கா கல்யாணத்துக்குப் போனான். வந்து பார்த்தா அவன் பேரே இல்ல.

ஒரு உதவி. சீருடைச் சட்டையோட கை நீளம். லீவர்ல மாட்டிக்குது. பார்சல்ல அனுப்புறேன், அம்மாகிட்ட சுருக்கித் தரச் சொல்லுங்க. என் அளவு அவளுக்கு மனப்பாடம்.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறாயா? சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா? நாங்கள் நலமே. உன் சட்டை வந்து சேர்ந்தது.

பச்சடிதான் வந்து சேரவில்லை. வந்தது பச்சைத் தண்ணீர். அதில் கீரை நீச்சல் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்யும் என்று எழுதினாயே, அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் இங்கே அனுப்பி வை.

எந்த எந்திரமாக இருந்தாலும், கோளாறு பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். அப்போதுதான் குற்றம் எங்கே என்று பிடிபடும். தயிரை மாற்றினேன். அப்புறம் கீரையை மாற்றினேன். அப்புறம் சட்டியையே மாற்றினேன். தண்ணீர் மட்டும் மாறவே இல்லை. காய்கறிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கும் கீரைதானா சார், வீட்டுல ஆடு வளர்க்கிறீங்களா?" என்கிறார்.

சில சந்தேகங்கள். கடுகு இல்லாமல் செய்யலாமா? தண்டை எடுத்துவிட்டு இலையை மட்டும் மையாக அரைத்தால் ருசி கெடுமா? கரண்டியைக் கவிழ்த்தால்கூட ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக வேண்டும். அதற்கு என்ன வழி?

உங்கம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

உன் அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்க ரெண்டு பேரும் சுகம்னு நம்புறேன்.

அப்பா, உங்க கடிதத்தைப் படிச்சு எனக்குத் தலை சுத்துது. கடுகு வேண்டாம், தண்டு வேண்டாம், மையா அரைக்கணும்! பச்சடி பொக்கை வாய்க்காரங்களுக்கா? அம்மாவுக்குக் கீரை பல்லுல தட்டுப்படணும். அரைச்சு வெச்சீங்கன்னா கிண்ணத்தை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை பார்த்துட்டு எழுந்து போயிடுவா.

தண்ணி விடுறது உங்க அவசரத்தால. கீரை ஈரம் சுண்டுற வரைக்கும் வதக்கணும். அப்புறம் சுத்தமா ஆறணும். சூட்டோட தயிர்ல கொட்டினா தயிர் திரிஞ்சு போகும். தயிரை மெல்லிசுத் துணியில கட்டித் தொங்கவிட்டு, தண்ணி வடிஞ்சதும் எடுங்க. உப்பைச் சாப்பிடுறப்பதான் போடணும், முன்னாடியே போட்டா நீர் விட்டுக்கும். இதெல்லாம் அம்மாகிட்ட அடுப்படி வாசல்ல நின்னு கேட்டா ஒரு நிமிஷம். அதுக்கு நான் ரெண்டு வாரம் தபாலுக்குக் காத்திருந்து எழுதுறேன்.

இன்னுமா இது ரகசியம்? வீட்டுல கீரை வதங்குற வாசனை அம்மா மூக்குக்குத் தெரியாம எப்படிப் போகும்?

இன்னொண்ணு. என்னைக் கேட்டா, கேட்டான்னு எழுதுறீங்களே, அவ கையால ரெண்டு வரி எழுத நேரமில்லையா? ஓய்வாதானே இருக்கான்னீங்க? போன மாசம் லேசாக் கோபமா இருந்தேன். இப்ப நிஜமாவே கோபம்.

வாலு


மார்ச் 5

அன்பு மகளுக்கு,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம்.

நீ எழுதியபடியே தயிரைத் துணியில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கெட்டியாக வந்தது. கீரையையும் ஆறவிட்டேன். பார்வைக்கு உங்கம்மா செய்தது போலவே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வாய் வாங்கினாள். இரண்டாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். புளிப்போ என்று மறுநாள் புதுத் தயிரில் செய்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பூண்டு சேர்த்தேன். சீரகம் சேர்த்தேன். நேற்றுக் கிண்ணமே கவிழ்ந்து சுவர் வரைக்கும் தெறித்தது. கை தட்டிவிட்டது, வேறொன்றும் இல்லை.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! குறை இன்னது என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, எந்தச் சாவி என்றே தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறேன். கிண்ணத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கழுவி வைத்தேன்.

உங்கம்மாவுக்குப் பல்வலி. அதனால்தான் இந்தச் சிடுசிடுப்பு. கவலைப்படாதே. பல்வலியோடு எழுதச் சொல்லி அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

உன் சட்டையின் கை சுருக்கியாயிற்று. தனிப் பார்சலில் வருகிறது. போட்டுப் பார்த்து எழுது.

உன் அப்பா


மார்ச் 18

அப்பா,

சட்டை வந்துச்சு.

அம்மா ஓரம் அடிச்சா உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு எனக்கே குழம்பும். இந்தச் சட்டையோட ஒரு கை மணிக்கட்டு வரைக்கும் இருக்கு, இன்னொண்ணு முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே நின்னுடுச்சு. நூலை மூணு தடவை சுத்தி, இழுத்து, கேபிளைக் கட்டுற மாதிரி முடிச்சுப் போட்டிருக்கு. இந்த முடிச்சு எனக்குத் தெரியும். என் சைக்கிள் கூடையில இதே முடிச்சுதான் போட்டுக் கொடுத்தீங்க.

இதைத் தைச்சது நீங்க.

பல்வலிக்காரி ஊசி பிடிக்க மாட்டாளா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?

வாலு


ஏப்ரல் 1

அப்பாவுக்கு,

பதில் இல்ல. நேத்துத் துறைமுக ஆபீஸ்ல கெஞ்சி, கீழ்வீட்டு அத்தை நம்பருக்குப் போன் போட்டேன். "உங்கப்பா இப்பதான் மருந்துக் கடையில இருந்து வந்து படியேறுறாரு, கூப்பிடவா?"ன்னாங்க. "அம்மாவைக் கூப்பிடுங்க அத்தை"ன்னேன். அப்புறம், "அவரே சொல்லட்டும்மா, நான் சொன்னா நல்லா இருக்காது"ன்னு வெச்சுட்டாங்க.

அம்மா உயிரோட இருக்காளா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்க. பச்சடி, தயிரு, சுவரு எதுவும் வேண்டாம்.


ஏப்ரல் 6

என் கண்ணே,

இருக்கிறாள். இருக்கிறாள். முதலில் அதைப் படித்து மூச்சு விடு.

டிசம்பர் கடைசியில் ஒரு காலை, கடையில் யாரோ ஒருவருடைய கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் நிமிரவில்லை. மூளைக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. "நாம பேசுறது எல்லாம் அவங்களுக்குப் புரியும். வார்த்தைதான் வெளிய வராது. வந்தாலும் வரலாம்" என்றார். எழுதவும் வரவில்லை. பென்சிலைக் கொடுத்தால் கோடு இழுத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீர்த்த சாப்பாடு புரையேறும், நாரும் கடுகும் தொண்டையில் நிற்கும், கெட்டியாகக் கூழ் போலக் கொடுங்கள் என்றார்கள். கஞ்சியைத் துப்பினாள். பழத்தைத் துப்பினாள். தட்டில் எது இருந்தாலும் பச்சடியைத்தான் முதலில் காலி பண்ணுவாள் என்ற ஞாபகத்தில் உனக்கு எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பாய். உன் இடம் போயிருக்கும். உன்னைப் பயிற்சிக்கு அனுப்ப அவள் என்னோடு எத்தனை நாள் சண்டை போட்டாள்! "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கிரேன்?" என்று நான் கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் சண்டை போட்டு வாங்கியதை நான் எப்படிக் கெடுப்பேன்?

இன்று காலையும் ஊட்டப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். கோபமா வலியா என்று தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை, வாலு.

அப்பா


ஏப்ரல் 12

அப்பா,

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். அவளுக்காகச் செய்யறேன்னு சொல்லி, அவளைத் தவிர எல்லாரும் முடிவு பண்ணியிருக்கீங்க. நானும் தயிரை வடிய விடுங்க, கீரையை ஆற விடுங்கன்னு பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

கீழ இருக்கிறது அம்மாவுக்கு. முழுசா வாசிச்சுக் காட்டுங்க. நடுவுல நீங்க எதுவும் சேர்க்கக் கூடாது.

அம்மா, நான் வாலு. உனக்குக் கேக்கும்னு சொன்னாங்க. நான் இப்பவே வரணும்னா இடது கையால அப்பா கையைப் பிடி. வேண்டாம்னா விட்டுடு. நீ என்ன சொல்றியோ அதுதான். அப்பா சொல்றது கணக்கு இல்ல. பரீட்சை மே பத்து. கழுத்து இன்னும் "மறுபடி தூக்கு"ன்னுதான் கத்துறாரு. உன்னை நினைச்சா கண்டெய்னர் கோணலா இறங்குது. அதனால மேல ஏறினதும் உன்னை நினைக்காம இருக்கப் பார்க்கிறேன். கோச்சுக்காத.


ஏப்ரல் 27

அன்பு மகளுக்கு,

வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை. தன் கையை எடுத்துப் போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சந்தேகமே வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஆக, நீ வரக் கூடாது.

இப்போது இன்னொன்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பச்சடியோடு உட்கார்ந்தேன். கரண்டியை வாய்க்கருகே கொண்டுபோனதும் வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். டிசம்பரில் கோட்டுக் கொடுத்த ஆள். கிண்ணத்தைக் கட்டிலோரத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனேன். "என் கோட்டு என்ன சார் ஆச்சு? குளிர்காலமே முடிஞ்சு போச்சு" என்று அவர் பிடித்துக்கொண்டார். நிலைமையைச் சொல்லிச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன்.

தலையணை முழுக்கப் பச்சை. அவள் கன்னம், கழுத்து, தலைமுடி, போர்வை எல்லாம் பச்சை. கரண்டி தரையில் கிடந்தது. கிண்ணத்தை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு, இடது கை விரலால் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. முறைத்தாள்.

நான் ஓடிப்போய்த் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சட்டியில் ஒட்டியிருந்ததை அப்புறம் வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. அன்றைக்குப் போட மறந்திருக்கிறேன். இத்தனை மாதம் செய்ததிலேயே மட்டமான பச்சடி அதுதான்.

உன் அப்பா


மே 15

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்க ரெண்டு பேரும் நலமா?

அந்தக் கடிதத்தைக் கூண்டுல உட்கார்ந்து படிச்சேன். அழுதேன், அப்புறம் சிரிச்சேன். கீழ கழுத்து, "என்ன அங்க, தூங்கிட்டியா?"ன்னு கத்தினாரு. எனக்குச் சின்னதுல யாராவது ஊட்ட வந்தா கடிச்சு வெப்பேன்னு அம்மாதான் சொல்லுவா. யார்கிட்ட இருந்து வந்துச்சு அந்தக் குணம்னு நாம யாருமே யோசிக்கல.

பரீட்சை போயிடுச்சு அப்பா. தூக்குறது, நகர்த்துறது எல்லாம் சரி. கடைசி கண்டெய்னர் லாரி மேல லேசா இடிச்சிடுச்சு. தேர்வாளர் பேனாவை மூடிட்டாரு. எரிச்சல்ல சாப்பிடக்கூடப் போகல. கழுத்துதான் வந்து, "ஜூலையில மறுபடி இருக்கு. உன் இடத்துல வேற ஆளைப் போட விடமாட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு வா"ன்னாரு. இதை அம்மாகிட்ட மறைக்காம சொல்லுங்க. நம்ம வீட்டுல மறைச்சது போதும்.

ஜூலை பரீட்சை முடிஞ்ச மறுநாள் வர்றேன். பாஸோ பெயிலோ.

கரண்டிக்குத் தடிமனா கைப்பிடி கட்டிக் கொடுங்க. உங்க கேபிள் முடிச்சு அதுக்காவது உதவட்டும்.

வாலு


ஜூன் 9

அன்பு மகளுக்கு,

இங்கே நலம், இந்த முறை நிஜமாகவே. உன் பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். உங்கம்மா இடது கையை வீசினாள், போனால் போகிறது என்பது போல. அல்லது என்னை வெளியே போகச் சொன்னாளோ என்னவோ.

கைப்பிடி கட்டிக் கொடுத்தேன். தானே சாப்பிடுகிறாள். பாதி உள்ளே, பாதி வெளியே. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. கை துறுதுறுக்கும். தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

அவள் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணின் தயவில், சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலி வரை நடக்கிறாள். கொஞ்ச தூரம்தான். ஆனால் யாராவது பிடிக்கப் போனால் பார்வையாலேயே எரித்துவிடுவாள்.

முந்தாநாள் நான் கீரை வதக்கிக்கொண்டிருந்தேன். தீ அதிகம் என்று எனக்கே தெரிந்தது. இருந்தாலும் ஈரம் சீக்கிரம் சுண்டட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் சரசரவென்று சத்தம். கீழ்வீட்டம்மா வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"தள்ளு."

யார் குரல் என்று முதலில் தெரியவில்லை. கரகரவென்று, கதவுக் கீல் போல. திரும்பிப் பார்த்தால் உங்கம்மா. நாற்காலியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வேர்த்துக் கொட்டுகிறது. "என்ன சொன்ன?" என்றேன்.

"தள்ளு" என்றாள் மறுபடியும். தோளால் என்னை ஒரு இடி இடித்துவிட்டு, இடது கையை நீட்டித் தீயைக் குறைத்தாள்.

நான் தள்ளி நின்றேன்.

அன்றைய பச்சடி அவள் கிளறியது. சட்டியில் பாதி, மேடையில் பாதி. டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "இனிமே ஒவ்வொண்ணா வரும். அவசரப்படுத்தாதீங்க" என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. இப்போதைக்கு அவளிடம் இருப்பது அந்த ஒரே வார்த்தை. காலையிலிருந்து இரவு வரை அது முழுவதும் எனக்குத்தான் கிடைக்கிறது.

நீ வந்ததும் உனக்கும் பங்கு உண்டு.

உன் அப்பா